சார்கோ அல்ல, அகஸ்டின்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையோருக்கும் வணக்கம்.

வலிப்பும் உணர்விழப்பும் வரும், ஆனால் உடலில் காரணம் தென்படாது; அந்த நோயை அன்று ஹிஸ்டீரியா என்றார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் நடந்த அந்த ஹிஸ்டீரியா கதையைப் படமாக எடுத்தால் நடுவில் நிற்க வேண்டியவர் மருத்துவர் சார்கோவா, நோயாளி அகஸ்டினா என்பது இன்றைய தலைப்பு. நான் அகஸ்டினுக்காகப் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் சார்கோவின் பெருமைகளை அடுக்கினார். ஒன்றைக்கூட மறுக்கமாட்டேன். மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் என்ற நரம்பு நோயைத் தெளிவாக வரையறுத்தவர் அவர். நரம்பு நோய்களுக்கென்றே ஒரு பேராசிரியர் பதவி 1882இல் அவருக்காக உருவானது. ஹிஸ்டீரியா ஆண்களுக்கும் வரும் என்று நோயாளிகளைக் காட்டியே நிறுவினார். பேய் பிடித்தவள், நடிக்கிறவள் என்று ஒதுக்கப்பட்ட பெண்களை நோயாளிகள் என்றார். எல்லாம் சரி. இவ்வளவு அறிவு இருந்த இடத்தில் ஒரு சிறுமி சொன்னது ஏன் யார் காதிலும் விழவில்லை? எனக்கு இந்தக் கேள்விதான் படமாகத் தெரிகிறது.

லூயிஸ் அகஸ்டின் 1875 அக்டோபரில் அங்கே சேர்க்கப்பட்டபோது அவளுக்கு வயது 14. வலிப்பு வரும், உடலின் வலப்பக்கம் உணர்வில்லை. அதற்கு முன்பு அவளுக்கு நடந்தது என்ன? தன் அம்மா வேலை பார்த்த வீட்டின் முதலாளி, 13 வயதில் அவளைச் சவரக்கத்தி காட்டி மிரட்டிப் பலாத்காரம் செய்தான். வலிப்பு தொடங்கியது அதன் பிறகுதான். இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. சார்கோவின் உதவியாளர் பூர்ன்வில் அச்சிட்ட மருத்துவக் குறிப்பிலேயே இருக்கிறது. வலிப்பின்போது அவள் அந்த மனிதனோடு போராடுகிறாள், அம்மாவைக் கூப்பிடுகிறாள், விடு என்று கத்துகிறாள். அத்தனையையும் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டார்கள். எழுதிவிட்டு, 'பிதற்றல் கட்டம்' என்று தலைப்புப் போட்டார்கள்.

நடுவர் அவர்களே, எனக்கு நெஞ்சு பொறுக்காத இடம் இதுதான். பதிவு செய்யவில்லை என்றால்கூட அறியாமை என்று விட்டுவிடலாம். அவள் வாக்குமூலம் கொடுத்தாள். அது, சார்கோ நான்காகப் பிரித்த வலிப்பின் கடைசிக் கட்டத்துக்கு எடுத்துக்காட்டாகப் போய்விட்டது. இன்னொரு நோயாளி வகுப்பின் நடுவே "அம்மா, பயமாக இருக்கிறது" என்று அலறியபோது, ஹிஸ்டீரியா நோயாளிகள் எப்படிக் கத்துகிறார்கள் பாருங்கள், ஒன்றுமில்லாததற்கு இவ்வளவு சத்தம் என்ற பொருளில் சார்கோ பேசியதும் அவருடைய பாடக் குறிப்பிலேயே அச்சாகியிருக்கிறது.

அப்புறம் புகைப்படங்கள். மருத்துவமனையின் புகைப்படக்காரர் ரென்யார் எடுத்த அகஸ்டினின் படங்கள் 1878இல் வெளிவந்த தொகுதியில் இருக்கின்றன. 'பரவசம்', 'காதல் மன்றாட்டு' என்றெல்லாம் கீழே பெயர் கொடுத்திருக்கிறார்கள். அன்றைய கண்ணாடித் தகட்டில் உருவம் தெளிவாக விழ வேண்டுமானால் ஆள் சில விநாடிகளாவது அசையாமல் இருக்க வேண்டும். வலிப்பில் துடிக்கும் உடம்பு அப்படி இருக்குமா? அந்தப் படங்களோ துல்லியமாக இருக்கின்றன. கேமராவுக்கு என்ன வேண்டும் என்பதை அந்தப் பெண் கற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஈதர், குளோரோஃபார்ம் என்ற மயக்க மருந்துகளை முகரவைத்து, வலிப்பை நிறுத்தவென்று அடிவயிற்றில் சூலகத்தின் மேல் அழுத்தும் கருவியைக் கட்டிவைத்த இடத்தில், மருத்துவர்களுக்குப் பிடித்த நோயாளியாக இருப்பதுதான் அவளுக்குக் கிடைத்த ஒரே பாதுகாப்பு. இதை நடிப்பு என்று யாரும் இகழ வேண்டாம்.

"அந்தக் காலத்து அளவுகோலால் பாருங்கள்" என்றார் எதிரணித் தலைவர். அந்தக் காலத்து அளவுகோலையே எடுக்கிறேன். 1880களிலேயே நான்சி நகரத்து மருத்துவர் பெர்னைம், சார்கோ நோயாளிகளை ஹிப்னாடிச மயக்கத்தில் ஆழ்த்திக் காட்டும் கட்டங்கள் எல்லாம் நோயாளியின் மனதில் மருத்துவர்களே ஏற்றியவை என்று எதிர்த்தார். ஓவியர் ப்ரூயே 1887இல் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தைப் பாருங்கள். சார்கோ பாடம் நடத்துகிறார், பார்வையாளர் அத்தனை பேரும் ஆண்கள். பிளான்ச் விட்மன் என்ற நோயாளி மயங்கிச் சாய்கிறார். அவர் பார்வைக்கு எதிரே சுவரில், உடம்பு வில்லாக வளைந்த ஹிஸ்டீரியா நோயாளியின் படம் மாட்டியிருக்கிறது! எப்படி வளைய வேண்டும் என்று கண்முன்னே தொங்கவிட்டபின் வேறு என்ன வேண்டும்? அந்த ஓவியத்தில் விட்மனைத் தாங்கிப் பிடித்திருப்பவர் சார்கோவின் மாணவர் பாபின்ஸ்கி. ஆசிரியர் 1893இல் இறந்த பிறகு, ஹிஸ்டீரியா என்பது கருத்தேற்றத்தால், அதாவது பிறர் மனதில் ஏற்றும் எண்ணத்தால் வருவது, எதிர்க்கருத்தேற்றத்தால் போவது என்று மாற்றி எழுதியவரும் அவரேதான்.

இந்தக் கதையை இருவருக்கும் நடுவே அரும்பிய காதலாக எடுக்கலாம், மருத்துவரின் மனப்போராட்டம் அழகாக வரும் என்றும் எதிரணியில் ஒரு யோசனை வந்தது. அவர் ஐம்பதை நெருங்கியிருந்தார். அவள் பூட்டிய கதவுக்குள் இருந்த சிறுமி, அதுவும் அந்தக் கொடுமைக்கு ஆளானவள். அதற்குக் காதல் என்று பெயர் வைத்து இசை சேர்த்தால், 'காதல் மன்றாட்டு' என்று புகைப்படத்துக்குக் கீழே எழுதியவர்கள் செய்ததையே நாமும் செய்கிறோம். பழைய உடை, மெழுகுவர்த்தி வெளிச்சம், குதிரை வண்டி எல்லாம் இருக்கட்டும். யாருடைய கண் வழியாகப் பார்க்கிறோம் என்பதில்தான் எனக்குப் பிடிவாதம்.

அகஸ்டின் ஓரளவு தேறி, 1879இல் அதே மருத்துவமனையில் வேலைக்கு வைக்கப்பட்டாள். நோய் திரும்பியது, தனி அறையில் அடைத்தார்கள். 1880 செப்டம்பரில், 19 வயதில், ஆண் உடை அணிந்து அங்கிருந்து தப்பிப் போனாள். அவளைக் குணமாக்கிய மேதையின் கதை இது என்கிறது எதிரணி. குணமாக்கிய இடத்திலிருந்து அந்தப் பெண் ஏன் மாறுவேடம் போட்டு ஓட வேண்டியிருந்தது? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்.