தோட்டத்துக் கள்ளுக்கடையை வைத்தது யார்?

நேயர்களுக்கு வணக்கம். மலேசியத் தமிழர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "குடி நம்மவர் ரத்தத்திலேயே ஊறியது" என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

பிரிட்டிஷ் காலத்தில் ரப்பர் தோட்டங்களுக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. பல இடங்களில் அதை நடத்தியதே நிர்வாகம்தான். இருட்டோடு எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, ரப்பர் பால் எடுக்க மரத்தைக் கீறி, பால் வாளி சுமந்து, எடை போட்டுத் திரும்புகிறவர் கண்ணில் முதலில் படுவது அந்தக் கடை. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை கொடுத்த கூலியில் ஒரு பங்கு அங்கேயே கரைந்தது. கேட்டால், லாபம் தொழிலாளர் நலனுக்குத்தானே செலவாகிறது என்று சமாதானம் சொன்னார்கள்.

அதை எதிர்த்தவர்களில் அதே லயத்து மக்களும், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் வாழ்ந்த தொழிலாளர்களும் இருந்தார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொழிலாளர் தலைவர் ஆர்.எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வு கேட்டவர்கள், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும், கள் விற்பனை நிற்க வேண்டும் என்றும் கேட்டார்கள். பட்டாளத்தை இறக்கிச் சுட்டுத்தான் அதை அடக்கினார்கள். 1947இல் கெடாவின் பீடோங் பக்கம், தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை முன் மறியல் செய்தார்கள். போலீசோடு மோதலாகி ஓர் உயிரும் போனது. இந்த வரலாற்றை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்கிறோம்?

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. மக்கள் பட்டணத்து ஓரங்களுக்கு வந்தார்கள். கள் போய், அதைவிடப் பல மடங்கு கடுமையான சம்சு என்ற மலிவுச் சாராயம் வந்தது. சாவு வீட்டில் ஆண்கள் குடிப்பதை யாரும் கேட்பதில்லை. ஒரு பெண் குடிக்கிறாள் என்றால் குடும்பமே கதவைச் சாத்திக்கொள்கிறது. அவளுக்கு வைத்தியம் எப்படிக் கிடைக்கும்? 2018இல் சிலாங்கூரில் மெத்தனால் என்ற நச்சு கலந்த மதுவைக் குடித்து இறந்தவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம் பாட்டன்மார் நின்ற இடத்தில்தான் இன்று அவர்கள் நிற்கிறார்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். குடியை நிறுத்தக் கோயிலில் கயிறு கட்டுவது நம் வழக்கம். அந்த நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நெடுங்காலம் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். கயிறு கட்டுவதற்கு முன் அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எவ்வளவு குடிக்கிறார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.