வரத்து எங்கே, போக்கு எங்கே?

தலைவர் அவர்களே, அறிவியல் மன்றத்து நண்பர்களே, வழக்கம்போல் பின்வரிசையில் இடம் பிடித்திருக்கும் மாணவர்களே, வணக்கம்.

‘உலகப் புகழ்பெற்ற ஏரிகள்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரியது எது, ஆழமானது எது, உயரத்தில் இருப்பது எது என்பதெல்லாம் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குத் தலைகீழாகத் தெரியும். அதை நான் ஒப்பிக்கப் போவதில்லை. ஒரு ஏரிக்கரையில் போய் நின்றால் நம் ஊர் விவசாயி கேட்பது இரண்டே கேள்வி: வரத்து எங்கிருந்து, மிகுந்த நீர் வழிந்து போகும் கலங்கல் எந்தப் பக்கம்? அந்த இரண்டு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு சில ஏரிகளைப் பார்க்கலாம்.

முதலில் சைபீரியாவின் பைக்கால். ஆழம் 1642 மீட்டர். தரைக்கு மேல் உறையாமல் இருக்கும் உலக நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரே ஏரியில் இருக்கிறது. முந்நூறுக்கும் மேற்பட்ட ஆறுகளும் ஓடைகளும் வந்து விழுகின்றன. வெளியே போவது அங்காரா ஆறு ஒன்றுதான். சாதாரண ஏரி சில ஆயிரம் ஆண்டுகளில் வண்டல் சேர்ந்து தூர்ந்துபோகும். பைக்காலுக்கு வயது சுமார் இரண்டரைக் கோடி ஆண்டு! அங்கும் வண்டல் சேராமல் இல்லை, கிலோமீட்டர் கணக்கில் சேர்ந்திருக்கிறது. ஆனால் பூமியின் மேலோடு பிளந்து விலகிக்கொண்டிருக்கும் இடத்தில் அந்த ஏரி இருக்கிறது. மேலே வண்டல் விழ விழ, கீழே தரை இறங்கிக்கொண்டே போகிறது.

இவ்வளவு காலம் கிடைத்தால் உயிர்கள் சும்மா இருக்குமா? கடலிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, நன்னீரிலேயே வாழும் நெர்ப்பா என்ற சீல் அங்கே இருக்கிறது. கொலொமியான்கா என்று ஒரு மீன். செதில் கிடையாது, உடம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கொழுப்பு, முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனும். இப்படிப்பட்ட ஏரிக்கரையில் 1966இல் ஒரு காகிதக்கூழ் ஆலையைத் திறந்து, 2013 வரை கழிவை உள்ளே விட்டார்கள். மனிதன் விசித்திரமான பிராணி என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

காஸ்பியன் கடலை ஓரிரு வரியில் சொல்லிவிடுகிறேன். வோல்கா கொண்டுவந்து கொட்டும் நீர்தான் அதற்குப் பெரும்பங்கு வரத்து; போக்கு என்பது வெயிலில் ஆவியாவது மட்டுமே. அது ஏரியா, கடலா என்று கரையோர நாடுகள் பல ஆண்டு வாதாடின. அடியில் எண்ணெய் இருக்கிறது அல்லவா, பங்கு பிரிக்க வேண்டுமே! 2018இல் கஜகஸ்தானின் அக்தாவ் நகரில் ஐந்து நாடுகளும் அதன் நிலை குறித்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன.

அதே போல் போக்கில்லாத இன்னொரு ஏரி மத்திய ஆசியாவின் ஆரல். 1960 வாக்கில் பரப்பில் உலகின் நான்காவது பெரிய ஏரி. அமு தாரியா, சிர் தாரியா என்ற இரண்டு ஆறுகளும் கொண்டுவருவதும், வெயில் குடிப்பதும் ஓரளவு சரிக்குச் சரியாக இருந்ததால் ஏரி நின்றது. சோவியத் அரசு அந்த ஆறுகளைப் பருத்தி வயலுக்குத் திருப்பியது. காரகும் கால்வாயைப் பாலைமணலில் தளம் போடாமலே வெட்டினார்கள். பயிருக்குப் போய்ச் சேருமுன் மணல் குடித்த தண்ணீருக்குக் கணக்கில்லை. ஏரி வற்றும் என்பது திட்டம் போட்டவர்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தேதான் செய்தார்கள். பருத்தி லாபம், மீன் நஷ்டம், கழித்துப் பார்த்தால் லாபம் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கில் உப்பு வரவே இல்லை. நீர் போனாலும் உப்பு போகாது. மிச்சமிருந்த தண்ணீர் கரிக்கக் கரிக்க மீன் செத்தது. காய்ந்த தரையிலிருந்து உப்பும், வயல்களிலிருந்து வந்து படிந்த பூச்சிமருந்தும் புழுதியாகக் கிளம்பி ஊர்களுக்குள் வந்தன. உஸ்பெகிஸ்தானின் மொய்னாக் துறைமுகமாக இருந்த ஊர். இன்று அங்கே மீன்பிடிக் கப்பல்கள் துருப்பிடித்து மணலில் சாய்ந்து கிடக்கின்றன, சுற்றுலாக்காரர்கள் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள்.

ஆனால் வடக்கே ஒரு துண்டு பிழைத்தது. கஜகஸ்தான் உலக வங்கிக் கடனோடு 13 கிலோமீட்டர் நீளத்துக்குக் கோக்கரால் கரையைக் கட்டி, 2005இல் சிர் தாரியாவின் நீரைத் தேக்கியது. நிறையப் பல ஆண்டு ஆகும் என்றார்கள், ஓராண்டுக்குள் நிறைந்துவிட்டது. உப்பு குறைந்தது, நன்னீர் மீன்கள் திரும்பின. தெற்குப் பகுதியைக் கைவிட்டுத்தான் வடக்கைக் காப்பாற்றினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இனி ஆப்பிரிக்கா. கேமரூன் மலைப்பகுதியில் நியோஸ் என்று ஓர் எரிமலை வாய் ஏரி. அகலம் இரண்டு கிலோமீட்டருக்குள். ஆழம் மட்டும் 200 மீட்டருக்கு மேல். அடியில் பாறை வழியாகக் கரியமில வாயு கசிந்து நீரில் கரைந்துகொண்டே இருக்கிறது. குளிர்நாட்டு ஏரியாக இருந்தால் பருவம் மாறும்போது மேல்நீர் குளிர்ந்து கனத்து இறங்கும், அடிநீர் மேலே வரும், வாயு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். வெப்பநாட்டில் அந்தப் புரட்டல் சரிவர நடப்பதில்லை. நியோஸில் மேல்நீர் வழிந்தோட இடம் உண்டு, அடியில் சேரும் வாயு வெளியேறத்தான் வழி இல்லை. மூடி இறுகிய சோடா பாட்டில்தான்.

1986 ஆகஸ்ட் 21, இரவு ஒன்பது மணி வாக்கில் மூடி திறந்தது. காரணம் நிலச்சரிவாக இருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள், இன்னும் முடிவாகவில்லை. பொங்கிய வாயு காற்றைவிடக் கனமானது. அதனால் மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து பள்ளத்தாக்கில் இறங்கியது. நியோஸ், சா, சுபும் ஊர்களில் சமைத்துக்கொண்டிருந்தவர்கள், பாயில் படுத்திருந்தவர்கள் அப்படியே விழுந்தார்கள். ஏறத்தாழ 1700 பேர் இறந்தார்கள், மாடுகள் ஆயிரக்கணக்கில். வீடுகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. நீலமாக இருந்த ஏரி செம்பழுப்பாகிக் கிடந்தது, அடியிலிருந்த இரும்புச்சத்து மேலே வந்து காற்றில் துருவேறியதால்.

2001இல் பிரெஞ்சு வல்லுநர்கள் துணையோடு ஏரியின் நடுவே அடிவரை ஒரு குழாயை இறக்கினார்கள். தொடக்கத்தில் மட்டும் பம்பு போட்டு அடிநீரை மேலே இழுத்தார்கள். மேலே ஏற ஏற அழுத்தம் குறைந்து குமிழி கிளம்பியது. அதற்குப் பிறகு பம்பு வேண்டியிருக்கவில்லை. வாயுவே தண்ணீரைத் தள்ளி 50 மீட்டர் உயரத்துக்குப் பீய்ச்சியடித்தது. 2011இல் இன்னும் இரண்டு குழாய் போட்டார்கள். ஏரிக்கு அடிமதகு வைத்த கதைதான் இது!

ருவாண்டா–காங்கோ எல்லையில் இருக்கும் கிவு ஏரியின் அடியிலும் இதே வாயு, நியோஸைவிடப் பல நூறு மடங்கு. கூடவே மீத்தேன். கரையில் லட்சக்கணக்கில் மக்கள். 2002இல் நைரகோங்கோ எரிமலைக் குழம்பு கோமா நகரைக் கிழித்துக்கொண்டு ஏரிக்குள்ளேயே இறங்கியபோது உலகமே பயந்தது. வாயு இருக்கும் அடுக்கு ஆழத்தில் இருந்ததால் கலங்கவில்லை. ருவாண்டாக்காரர்கள் இப்போது அடிநீரைக் குழாயில் மேலேற்றி, மீத்தேனைப் பிரித்து, மீதி நீரை மறுபடி ஆழத்துக்கே அனுப்புகிறார்கள். 2016 முதல் அந்த மீத்தேனில் ஓடுகிற நிலையம் 26 மெகாவாட் மின்சாரம் தருகிறது.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். சாக்கடலையும் டிட்டிகாகாவையும் கேள்வி நேரத்தில் யாராவது கேட்டால் சொல்கிறேன். நன்றி, வணக்கம்.