20 வருஷம் நடந்த பாதை, ஒரே ஒரு கேள்வியில் போய்விடும்! அடுத்தவர் நிலத்தில் பாதை உரிமை எப்படி வருகிறது?

(திரையில்: பூட்டு தொங்கும் இரும்பு கேட், அதற்கு அப்பால் கால்பட்டுத் தேய்ந்த மண்பாதை)

"அண்ணே, இந்த வழியாகக் கொஞ்சம் போய்க்கொள்ளட்டுமா?"

பக்கத்து நிலத்துக்காரரிடம் மரியாதையாக இப்படி ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் போதும், இத்தனை வருஷம் நடந்து நீங்கள் சேர்த்த உரிமை போய்விடும். கேட்காமல் நடந்தவருக்கு உரிமை உண்டு, கேட்டு நடந்தவருக்குக் கிடையாது. 1882-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே இதை உதாரணத்தோடு எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த உதாரணத்துக்குக் கொஞ்ச நேரத்தில் வருகிறேன். அது வரை வீடியோவைத் தள்ளிவிடாதீர்கள்.

வணக்கம் மக்களே. தாராவி, சயான், மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் என்று மும்பையில் நம்மவர்கள் எங்கே இருந்தாலும் நிலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கதை வரும். பத்லாபூர், நேரல், கர்ஜத் பக்கம் ஒரு என்.ஏ. பிளாட், அதாவது விவசாயம் அல்லாத உபயோகத்துக்கு மாற்றிய மனை, வாங்கிப் போட்ட கதை ஒன்று. திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ அப்பா விட்டுப்போன நிலத்தின் கதை இன்னொன்று. முதல் கதையில் நமக்கு அடுத்தவர் நிலத்தில் வழி வேண்டும். இரண்டாவது கதையில், நாம் இங்கே இருக்கும்போது நம் நிலத்தில் யாரோ வழி போட்டு நடந்துகொண்டிருக்கிறார். இரண்டு தரப்பிலும் நாம்தான் நிற்கிறோம், அதனால் இரண்டு பக்கமும் பார்த்துவிடுவோம்.

சட்டத்தின் பெயர் இந்திய வசதியுரிமைச் சட்டம், 1882. அந்த வருஷம் ஜூலை 1 முதல் அமல். சென்னை மாகாணத்துக்கு ஆரம்பத்திலேயே வந்துவிட்டது, பம்பாய் மாகாணத்துக்கு 1891-இல் நீட்டித்தார்கள். ஆக ஊர் நிலத்துக்கும் கர்ஜத் பிளாட்டுக்கும் ஒரே சட்டம். வரலாறு இவ்வளவு போதும்.

வசதியுரிமை என்றால் என்ன? நிலம் அவருடையது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உங்கள் நிலத்தையோ வீட்டையோ நீங்கள் அனுபவிப்பதற்காக அவர் நிலத்தில் ஒரு குறிப்பிட்ட காரியத்தைச் செய்யலாம், அல்லது அவரை ஒரு காரியத்தைச் செய்ய விடாமல் தடுக்கலாம். நடந்து போவது, வாய்க்காலில் தண்ணீர் கொண்டு போவது, ஜன்னலுக்கு வரும் வெளிச்சத்தை மறைக்க விடாமல் இருப்பது எல்லாம் இதில் அடங்கும். உரிமை உங்கள் ஆளோடு ஒட்டியது இல்லை, உங்கள் நிலத்தோடு ஒட்டியது. நிலத்தை விற்றால் உரிமையும் கூடவே போகும்.

இது எப்படி வருகிறது? முதல் வழி, எழுதி வாங்குவது. நம் ஊர்ப் பத்திரங்களில் "மாமூல் வழிநடைப் பாத்தியம் உள்பட" என்று ஒரு வரி இருக்குமே, அந்த வகை. நிலத்துக்காரரே கையெழுத்துப் போட்டு, பதிவு செய்து கொடுப்பது. இதுதான் கெட்டியான வழி என்பது என் கருத்து.

இரண்டாவது, அவசியத்தால் வருவது. ஒரே ஆளிடம் இருந்த நிலம் விற்பனையிலோ பாகப்பிரிவினையிலோ இரண்டாகி, பின்னால் உள்ள துண்டுக்கு வேறு வழியே இல்லாமல் போனால், முன்துண்டின் மேல் வழி தானாக வரும். எந்த இடத்தில் வழி விடுவது என்பதை முன்துண்டுக்காரர் முடிவு செய்யலாம், ஆனால் அது உங்களுக்கு நியாயமான வசதியோடு இருக்க வேண்டும். இதில் பலர் தவறவிடும் விஷயம், இரண்டு துண்டும் ஒரு காலத்தில் ஒரே ஆளுடையதாக இருந்திருக்க வேண்டும் என்பது. அதோடு "இந்தப் பக்கம் போனால் சீக்கிரம் போகலாம்" என்பது அவசியம் ஆகாது. நாளைக்கே உங்களுக்கு வேறு வழி கிடைத்தால் இந்த உரிமை முடிந்துவிடும். எழுதி வாங்கிய பாதைக்கு அந்த ஆபத்து கிடையாது. தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2006-இல் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

மூன்றாவது, ஊர் வழக்கத்தால் வருவது. மேய்ச்சல் உரிமை மாதிரி. மும்பையில் நமக்கு அது அதிகம் தேவைப்படாது, தாண்டிவிடலாம்.

இப்போது நான்காவது. வீடியோவே இதற்காகத்தான்!

(திரையில்: 15-ஆம் பிரிவு)

நீண்ட கால அனுபவத்தால் வரும் உரிமை. தனியார் நிலம் என்றால் 20 வருஷம், அரசு நிலம் என்றால் 30 வருஷம். அமைதியாக, ஒளிவுமறைவு இல்லாமல், இடைவெளி விடாமல், "இது என் வழி" என்ற உரிமையோடு நடந்திருக்க வேண்டும். இரவில் திருட்டுத்தனமாகப் போனது செல்லாது, சண்டை போட்டு அடாவடியாகப் போனதும் செல்லாது.

இங்கேதான் அந்த உதாரணம். ஒருவர் 20 வருஷம் அமைதியாக, எல்லோர் கண்ணிலும் படும்படி நடந்ததை நிரூபித்துவிட்டார். எதிர்த்தரப்பு ஒன்றே ஒன்றைத்தான் நிரூபிக்கிறது: அந்த 20 வருஷத்தில் ஒரு முறை அவர், தனக்கு உரிமை இல்லை என்று ஒப்புக்கொண்டு, போய்வர அனுமதி கேட்டார். ஒரே ஒரு முறை! வழக்கு தள்ளுபடி. இதைச் சட்டம் இயற்றியவர்களே 15-ஆம் பிரிவுக்குக் கீழே உதாரணமாகப் போட்டிருக்கிறார்கள். முதல் தடவை படித்தபோது நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

யோசித்தால் இதில் ஒரு நியாயம் தெரியும். அனுமதி கேட்டு நடப்பவர் அடுத்தவரின் பெருந்தன்மையில் நடக்கிறார். மும்பை மழைக்குப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய குடையை 20 வருஷம் பிடித்தாலும் அது உங்கள் குடை ஆகிவிடுமா? அனுமதியால் வந்ததை அனுமதி கொடுத்தவர் பொதுவாகத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பெருந்தன்மையாக வழி விட்ட ஒருவர் அதற்காகவே நிலத்தின் மேல் நிரந்தரப் பாரத்தைச் சுமக்கக் கூடாது என்று சட்டம் நினைக்கிறது. எனக்கு இது சரியாகத்தான் படுகிறது. இல்லாவிட்டால் எவனும் எவனுக்கும் வழி விடவே மாட்டான்.

சரி, நீங்கள் அனுமதி கேட்கவே இல்லை, 20 வருஷம் நடந்தும் விட்டீர்கள். ஜெயித்துவிடலாமா? நிரூபிக்க வேண்டும். மகாராஷ்டிரத்திலிருந்து போன ஒரு பாதை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரல் 10 அன்று தீர்ப்புச் சொன்னது. பாதை கேட்டவர்கள் மனுவில் "பல வருஷங்களாக" பயன்படுத்துவதாக எழுதியிருந்தார்கள். பல வருஷம் என்றால் 20 வருஷம் என்று அர்த்தம் இல்லை என்றது நீதிமன்றம். சாட்சி சொன்னவர் பவர் ஆஃப் அட்டர்னி வைத்திருந்தவர். பழைய காலத்தில் அந்தப் பாதையை யார் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பது அவருக்கு நேரடியாகத் தெரியாது, அதனால் அந்தச் சாட்சியம் உதவவில்லை. அவசியம் என்ற வாதமும் எடுபடவில்லை, ஏனென்றால் கொஞ்சம் சுற்று என்றாலும் வேறு பாதை இருந்தது. பாதை போச்சு.

மும்பையில் இருந்துகொண்டு ஊரில் மச்சானுக்கோ சித்தப்பாவுக்கோ பவர் எழுதிக் கொடுத்திருப்பவர்கள் இந்த இடத்தை இன்னொரு தடவை கேளுங்கள். பவர் வைத்திருப்பவர் உங்களுக்காகக் கையெழுத்துப் போடலாம். நீங்கள் கண்ணால் பார்த்ததை அவர் பார்த்ததாகக் கூண்டில் ஏறிச் சொல்ல முடியாது. அந்தப் பாதையில் வண்டி ஓட்டிய பெரியவர், பக்கத்துத் தோட்டத்துக்காரர், இவர்கள்தான் உங்கள் சாட்சி. அவர்களுக்கும் வயதாகிக்கொண்டே போகிறது.

அடுத்து, பூட்டு. நீங்கள் நடக்கும் வழியில் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். அன்றைக்கே உரிமை அறுந்துவிடுமா? இல்லை. தடை வந்தது தெரிந்த பிறகும் ஒரு வருஷம் பேசாமல் பொறுத்துக்கொண்டு இருந்தால்தான் சட்டம் அதை இடைவெளியாகக் கணக்கில் எடுக்கும். அப்புறம் இன்னொரு கெடு: அந்த 20 வருஷம், வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு வருஷத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். 40 வருஷம் நடந்துவிட்டு, அப்புறம் நிறுத்தி, ஐந்து வருஷம் கழித்துக் கோர்ட்டுக்குப் போய்க் காலத்தைக் காட்டி உரிமை கேட்டால் கிடைக்காது. மகாராஷ்டிரத்தில் விவசாய நிலத்துக்குப் போகும் வழியை மறித்தால், 1906-ஆம் வருஷத்து மாம்லத்தார் நீதிமன்றச் சட்டப்படி தாசில்தாரிடமே போகலாம், ஆனால் ஆறு மாதத்துக்குள் போக வேண்டும்.

மறுபக்கத்துக்கு வருவோம். ஊரில் உங்கள் நிலத்தின் வழியே ஒருவர் டிராக்டர் ஓட்டுகிறார், நல்ல மனுஷர், தடுக்கவும் மனம் வரவில்லை. தடுக்க வேண்டாம். அடுத்த விடுமுறைக்குப் போகும்போது, "உங்கள் அனுமதியின் பேரில் இந்த வழியைப் பயன்படுத்துகிறேன்" என்று அவரிடம் தேதி போட்டு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். 20 வருஷம் இன்னும் முடியவில்லை என்றால் அந்த ஒரு தாள் போதும். அவரும் நடக்கலாம், உங்களுக்கும் நிம்மதி.

மும்பைக்காரர்களுக்கு என்று ஒன்று வைத்திருக்கிறேன்: ஜன்னல். கட்டிடத்தின் ஜன்னல் வழியே 20 வருஷம் வெளிச்சமும் காற்றும் வந்தால், அந்த அளவுக்கு உரிமை வரும். வாடகைக்கு இருப்பவர் அனுபவித்தாலும் உரிமை சொந்தக்காரருக்குத்தான் சேரும். புதுக் கட்டிடம் கொஞ்சம் மறைத்துவிட்டால் மட்டும் போதாது, அறையில் வசதியாக இருக்க முடியாத அளவுக்கோ சொத்து மதிப்பு கணிசமாகக் குறையும் அளவுக்கோ பாதிப்பு இருக்க வேண்டும். ஆனால் ஜன்னலில் தெரியும் கடல்? அதற்கு எத்தனை வருஷம் ஆனாலும் உரிமை வராது! 1610-இல் இங்கிலாந்தில் பன்றித்தொழுவம் கட்டியதால் வந்த ஒரு வழக்கிலேயே, காட்சி என்பது மகிழ்ச்சிக்கானது, தேவை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கடல் தெரிகிறது என்று கூடுதலாகக் கொட்டிக் கொடுக்கும் முன் எதிரில் காலி மனை இருக்கிறதா என்று பாருங்கள். இதை வீடு தேடிக்கொண்டிருக்கும் யாருக்காவது அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக, பிளாட் வாங்கப் போகிறவர்களுக்கு. ஏஜென்ட் கையை நீட்டி "வழி இருக்கு சார், எல்லோரும் போகிறார்கள்" என்பார். அந்த மண்பாதை யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். சாத்பாராவில், அதாவது மகாராஷ்டிரத்தின் 7/12 நிலப் பதிவேட்டில், இதர உரிமைகள் பகுதியைப் பாருங்கள். பாதை போகும் நிலத்தின் சொந்தக்காரரே கையெழுத்திட்டு, எத்தனை அடி அகலம், நடக்க மட்டுமா வண்டியும் போகலாமா, எந்த சர்வே எண் வழியாக என்று எழுதிப் பதிவு செய்து தந்தால் முன்பணம் கொடுங்கள். தரமாட்டேன் என்றால் வேறு பிளாட் பாருங்கள்.

உங்கள் பத்திரத்தில் பாதையைப் பற்றி என்ன வரி இருக்கிறது என்று கமெண்டில் எழுதுங்கள். பெயரும் சர்வே எண்ணும் போட வேண்டாம். ஏற்கனவே யாராவது கேட்டைப் பூட்டியிருந்தால் கமெண்ட் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள், பூட்டிய தேதியோடு ஒரு வக்கீலைப் போய்ப் பாருங்கள்.