ஈரக்காற்றில் மாத்திரை என்ன ஆகும்?

எல்லோருக்கும் வணக்கம். ராமேஸ்வரம் பக்கத்தில் இருக்கும் மண்டபம் ஊரின் கடற்கரையில் நின்று பேசுகிறேன், பின்னால் காற்று இரைகிறது. அந்தக் காற்றில் இருக்கும் ஈரம்தான் இன்றைக்கு விஷயமே.

தண்ணீரில் எளிதில் கரையாத மருந்துகள் நிறைய உண்டு. அவற்றின் படிக ஒழுங்கைக் குலைத்து, பிவிபி போன்ற பாலிமருக்குள் (நீளச் சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பொருள்) கண்ணாடி நிலையில், அதாவது ஒழுங்கில்லாத திடமாக, சிக்கவைத்தால் வயிற்றில் சீக்கிரம் கரையும். ஆனால் அந்த நிலை நிற்காது, மெல்ல மறுபடி படிகமாகப் பார்க்கும். இண்டோமெதசினை எடுத்துக்கொள்ளுங்கள். படிகமாக இருந்தால் சுமார் 161 டிகிரி செல்சியஸில் உருகும். கண்ணாடி நிலையில் 42 டிகிரி பக்கத்திலேயே இளகிவிடும்; இளகினால் மறுபடி படிகமாவது சுலபம். மே மாத வெயிலில் நிற்கும் காருக்குள் சூடு அதைத் தாண்டிவிடும். பாலிமர் சேர்த்தால் இந்த இளகுநிலை, அதாவது இளகும் வெப்பநிலை, மேலே போகும். ஈரம் ஏறினால் கீழே இறங்கும். பிவிபியோ ஈரத்தை நன்றாக இழுக்கும்.

இந்த இளகுநிலையை அளக்கத்தான் டிஎஸ்சி என்ற வெப்பம் அளக்கும் கருவி. சின்ன அலுமினியக் கிண்ணத்தில் சில மில்லிகிராம் மாதிரி, பக்கத்தில் ஒரு காலிக் கிண்ணம். இரண்டையும் ஒரே சீராகச் சூடாக்கி, மாதிரி எவ்வளவு வெப்பம் கூடுதலாக வாங்குகிறது என்று பார்க்கிறோம். ஆய்வு செய்யும் மாணவர்களே, கிண்ணத்தின் மூடியைக் கவனியுங்கள். மூடியில் ஊசித்துளை இருந்தால் சூடாகும்போதே ஈரம் ஓடிப்போகும். உலர்ந்த மருந்தின் இளகுநிலைதான் கிடைக்கும், அது உயரமாக இருக்கும். அந்த எண்ணை நம்பி நம் கரைக்கு மாத்திரை அனுப்பக் கூடாது. இறுக மூடினால்தான் ஈரத்தோடு சேர்ந்த இளகுநிலை தெரியும். எவ்வளவு ஈரம் என்பதை டிஜிஏ, அதாவது சூடாக்கிக்கொண்டே எடை பார்க்கும் கருவி, எடைக்குறைவாகக் காட்டும், அதையும் கூடவே ஓட்டுங்கள்.

அப்புறம், டிஎஸ்சி வரைபடத்தில் மருந்தின் உருகு உச்சியை (படிகம் உருகும்போது தெரியும் முகடு) காணோம் என்றதும் படிகமே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். சூடாக்கும்போது மருந்து இளகிய பாலிமருக்குள் கரைந்துபோயிருக்கலாம். சூடாக்காமலே படிகத்தைக் காட்டும் எக்ஸ்-கதிர் சோதனையும் கட்டாயம் வேண்டும்.

இந்த உழைப்புக்குப் பலன் உண்டு. எச்ஐவி மருந்தான காலெட்ரா முதலில் மென்காப்ஸ்யூலாக இருந்தது, நாள்பட வைக்கக் குளிர்பெட்டி தேவைப்பட்டது. 2005-ல் கோபோவிடோன் பாலிமரோடு சேர்த்து உருக்கிப் பிழிந்த மாத்திரை வந்தது, ஃப்ரிட்ஜே வேண்டாம். வெயிலும் மின்வெட்டும் சேர்ந்த ஊர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

அடுத்த வீடியோவில் கட்டக்கோரை என்ற கடற்பாசி. அதிலிருந்து எடுக்கும் அல்ஜினேட் என்ற பாலிமர், மருந்தை மெதுவாக விடும் மாத்திரைகளில் சேர்கிறது. அதை டிஜிஏ-வில் ஓட்டி, எந்தச் சூட்டில் ஈரம் போகிறது, எந்தச் சூட்டில் பாலிமரே சிதைகிறது என்று காட்டுகிறேன்.