நான்காவது தடவையும் அதையே கேட்டார்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு அருவி இல்லை, சாப்பாட்டுக் கடை இல்லை, புது வண்டியும் இல்லை. எங்கள் தர்மபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா நினைவிடத்துக்கு வெளியே நின்று பேசுகிறேன். நடுவில் பஸ் ஹாரன் கேட்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏன் இங்கே வந்து பேசுகிறேன் என்பதை அப்புறம் சொல்கிறேன். முதலில் போன வாரம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஒரு வாரமாக மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

தர்மபுரியில் ஒரு பிரஸ் மீட். நான் பத்திரிகைக்காரன் கிடையாது. உள்ளூர் கேபிள் டிவியில் கேமரா பிடிக்கும் நண்பர் ஒருவர், ஸ்டாண்டு தூக்க ஆள் இல்லை, வாடா என்று கூப்பிட்டார், போனேன். வந்திருந்தவர் பெரிய தலைவர். எந்தக் கட்சி, என்ன பெயர் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு கட்சிச் சண்டையாகிவிடும். நான் பேச வந்தது கேள்வி கேட்டவரைப் பற்றி.

மேஜை முழுக்க மைக். ஒவ்வொன்றிலும் ஒரு சேனல் லோகோ. முன் வரிசையில் சென்னையிலிருந்து கூடவே வந்த நிருபர்கள். அவர்கள் கூட்டணி பற்றிக் கேட்டார்கள், டெல்லி பற்றிக் கேட்டார்கள். தலைவரும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். அப்போது பின்னால் சுவரோரம் நின்றிருந்த ஒருவர் கை தூக்கினார். ஐம்பது வயதைத் தாண்டியவர். மைக் இல்லை, லோகோ இல்லை. சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் நான்காக மடித்த ஒரு நோட்டு. டிவிஎஸ் எக்ஸ்எல்லில் தாலுகா முழுக்கச் சுற்றும் பகுதி நேர நிருபர். அவர் கேட்டது இதுதான்:

"சார், ஒகேனக்கல் தண்ணி எங்க பக்கத்துல வாரத்துக்கு ஒரு நாள்தான் வருது. மத்த நாள்ல போர் தண்ணியத்தான் டேங்க்ல ஏத்தி விடுறாங்க. எப்ப சார் சரியாகும்?"

தலைவர் அந்தத் திட்டத்தின் வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தார். யார் கனவு, யார் உழைப்பு, எதிர்க்கட்சி என்ன செய்தது என்று மூன்று நிமிடம் போனது. முடிந்ததும் இவர், "அது சரிங்க சார். தண்ணி எப்ப சரியாகும்?" என்றார்.

"நீங்க எந்தப் பத்திரிகை?"

பெயரைச் சொன்னார். பின்னால் யாரோ சிரித்தார்கள். இவர் முகம் மாறவில்லை. "பேரச் சொல்லிட்டேன் சார். தண்ணி எப்ப சரியாகும்?"

இப்போது கட்சிக்காரர் ஒருவர் வந்து இவர் தோளில் கை வைத்தார். "போதும் விடுண்ணே, அடுத்தவங்க கேக்கட்டும்." சொன்ன வார்த்தை மரியாதைதான். அந்தக் கையில் இருந்த அழுத்தம் வேறு. நான் இரண்டடி தள்ளி ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், எனக்கே உள்ளங்கை வேர்த்துவிட்டது. அவர் அந்தக் கையைத் தட்டிவிடவும் இல்லை, உட்காரவும் இல்லை. அதே குரலில், கோபமே இல்லாமல், நான்காவது தடவையும் கேட்டார். "சார், எப்ப சரியாகும்னு மட்டும் சொல்லுங்க."

"அதிகாரிகளைக் கேட்டுச் சொல்றேன். நன்றி, வணக்கம்." தலைவர் எழுந்துவிட்டார்.

இது சின்ன விஷயம் என்று வெளியூர் நண்பர்கள் நினைக்கலாம். ஒரு நிமிஷம் இருங்கள், கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். என் பல்லைப் பாருங்கள். முன் பல்லில் குறுக்கே காவி நிறத்தில் கோடு ஓடுகிறது பாருங்கள், இது வெற்றிலை இல்லை, பான்பராக் இல்லை. பால் பல் விழுந்து புதுப் பல் முளைத்தபோதே இப்படித்தான் முளைத்தது. எங்கள் மாவட்டத்துப் போர் தண்ணியில் புளோரைடு அதிகம். ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதைத் தாண்டிய தண்ணியைச் சின்ன வயதிலிருந்து குடித்தால் முதலில் பல், பல வருஷம் போனால் எலும்பு. எங்கள் அம்மாவுக்கு முழங்காலை முழுதாக மடக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்கும்போது வாயை மூடிக்கொண்டு சிரித்த பிள்ளைகள் நாங்கள்.

இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. பெயரிலேயே புளோரைடு பாதிப்பைக் குறைப்பதும் சேர்ந்திருக்கிறது. ஜப்பான் நிறுவனத்தின் கடன் உதவி, ஆயிரத்து தொள்ளாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவு. 2008இல் அடிக்கல், 2013இல் திறப்பு. இரண்டு ஆட்சிக்கும் இதில் பங்கு உண்டு, நன்றி சொல்ல வேண்டியதுதான், சொல்கிறோம். ஆனால் காவிரித் தண்ணி வராத நாளில் அதே குழாயில் போர் தண்ணி வந்தால், என் அக்கா பெண்ணின் பல் எப்படி முளைக்கும்? அந்த நிருபர் கேட்டது அதைத்தான்.

எனக்குப் புரிந்தது இதுதான். முதல் தடவை கேட்பது அவ்வளவு கஷ்டம் இல்லை, அதற்குத் தலைவர்கள் தயாராகத்தான் வருகிறார்கள். கேட்டதற்குப் பதில் வரவில்லை என்று தெரிந்த பிறகு, எல்லோரும் அடுத்ததற்குப் போக நினைக்கும்போது, "சார், நான் கேட்டது வேற" என்று மறுபடி நிற்கிறார்களே, அவர்களைத்தான் நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். "எந்தப் பத்திரிகை?" என்று கேட்பது பெயர் தெரிந்துகொள்ள இல்லை. உன் முதலாளி யார் என்று எனக்குத் தெரியும் என்று சொல்வது அது.

இங்கிலாந்தில் ஜெரமி பாக்ஸ்மேன் என்று ஒரு பிபிசி நெறியாளர். 1997 மே மாதம், சில நாள் முன்புவரை உள்துறை அமைச்சராக இருந்த மைக்கேல் ஹோவார்டு அவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். சிறைத்துறைத் தலைவரின் முடிவை மீறிவிடுவேன் என்று நீங்கள் அவரை மிரட்டினீர்களா? இதுதான் கேள்வி. ஹோவார்டு எனக்கு என்ன உரிமை இருந்தது, இல்லை என்று விளக்குகிறார். பாக்ஸ்மேன் திரும்பவும், மிரட்டினீர்களா? பன்னிரண்டு தடவை என்று இன்றைக்கும் எண்ணிச் சொல்கிறார்கள். அடுத்த செய்திப் படம் தயாராகவில்லை, அதனால் நேரத்தை ஓட்டினேன் என்று பாக்ஸ்மேனே பிற்பாடு சொன்னார். இருக்கட்டுமே. நேரம் ஓட்ட வேண்டும் என்றால் நம் ஊரில் "உங்களுக்குப் பிடித்த சாப்பாடு என்ன" என்றுதானே கேட்பார்கள்? அவருக்கு வாயில் வந்தது அதே கேள்வி.

நம் பக்கத்திலும் உண்டு. கரண் தாப்பர். 2004இல் முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவை பிபிசிக்காகப் பேட்டி எடுத்தார். ஜோசியம், காலில் விழுவது, குறிப்பைப் பார்த்துப் படிக்கிறீர்களா என்பது வரைக்கும் அவர் எதையும் விடவில்லை. கடைசியில் கை குலுக்க நீட்டி, உங்களோடு பேசியது மகிழ்ச்சி என்றார். எனக்கு மகிழ்ச்சி இல்லை, நமஸ்தே என்று ஜெயலலிதா முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அந்தப் பேட்டியை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஜெயலலிதாவுக்கும் ஒரு மரியாதை எனக்கு உண்டு, முழுசாக உட்கார்ந்து பதில் சொன்னார், பாதியில் எழுந்து போகவில்லை. 2007இல் குஜராத் முதல்வராக இருந்த நரேந்திர மோடியிடம் 2002 கலவரம் பற்றி அதே கரண் தாப்பர் கேட்டபோது, மோடி சில நிமிடங்களிலேயே தண்ணீர் கேட்டார், மைக்கைக் கழற்றினார், பேட்டி அதோடு முடிந்துவிட்டது. இரண்டு தலைவர்கள், இரண்டு கட்சிகள், கேட்டவர் ஒருவர். யார் முன்னால் உட்கார்ந்தாலும் கேள்வியின் காரம் குறையவில்லை பாருங்கள். எனக்குப் பிடித்தது அதுதான். எதிர்க்கட்சித் தலைவரிடம் மட்டும் சிங்கமாக இருப்பவரை நான் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

சரி, கேட்டதற்கு என்ன கிடைக்கிறது? 2023 ஜூனில் பிரதமர் மோடி வாஷிங்டன் போனபோது, வெள்ளை மாளிகையில் சப்ரினா சித்திக்கி என்ற நிருபர் சிறுபான்மையினர் உரிமை பற்றி ஒரு கேள்வி கேட்டார். பிரதமர் பதில் சொல்லிவிட்டார், அது அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நிருபரின் மதம் என்ன, அப்பா எந்த நாடு என்று இணையத்தில் அவரைத் துரத்தினார்கள். வெள்ளை மாளிகையே கண்டிக்க வேண்டியதாயிற்று. பிலிப்பைன்ஸில் மரியா ரெஸ்ஸா என்ற பத்திரிகையாளர், போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் நடந்த கொலைகளைப் பற்றி அப்போதைய அதிபர் டுடெர்டே அரசைக் கேட்டுக்கொண்டே இருந்தார். வழக்கு மேல் வழக்கு, கைது, ஜாமீன். 2021இல் ரஷ்யப் பத்திரிகையாளர் டிமித்ரி முரடோவோடு சேர்த்து அவருக்கு அமைதிக்கான நோபல் கொடுத்தார்கள்.

அவர்களுக்காவது உலகம் திரும்பிப் பார்த்தது. நம் தாலுகா நிருபரை நினைத்துப் பாருங்கள். பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, போட்ட செய்திக்குத்தான் காசு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவர்களே விளம்பரம் பிடித்துத் தர வேண்டும். விளம்பரம் யார் தருவார்கள்? யாரைக் கேள்வி கேட்க வேண்டுமோ அவர்தான். அது தெரிந்தும் ஒருவர் எழுந்து நிற்கிறார் என்றால் அதன் கனம் வேறு. 2024 ஜனவரியில் பல்லடம் பக்கத்தில் ஒரு டிவி நிருபரை அரிவாளால் வெட்டினார்கள். யாரோ பின்தொடர்கிறார்கள், காப்பாற்றுங்கள் என்று அதற்கு முன்பே அவர் போலீசுக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்திருந்தார். அந்த ஆடியோவை நான் ஒரு தடவைதான் கேட்டேன். இரண்டாவது தடவை கேட்க முடியவில்லை.

எங்கள் மாவட்டத்துக்காரன் வாச்சாத்தியைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. அரூர் தாலுகா, சித்தேரி மலை அடிவாரம். 1992 ஜூன் 20, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகளை இடித்தார்கள், கிணற்றைக்கூட நாசம் பண்ணினார்கள். அரசு அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது. முதலில் போய்க் கேட்டது பத்திரிகை அல்ல, மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும்தான், அந்தப் பெருமை அவர்களுக்கே. 2011இல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்திருந்தார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள். 2023 மார்ச்சில் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் அந்த ஊருக்கே நேரில் போய்ப் பார்த்தார், செப்டம்பரில் தண்டனையை உறுதி செய்தார். முப்பத்தொரு வருஷம். நடுவில் ஆட்சிகள் மாறின, ஜூன் 20 வந்தால் "வாச்சாத்தி என்ன ஆச்சு?" என்று எழுதிய நிருபர்கள் இருந்தார்கள். பாதிப் பேர் ரிட்டயர்டு ஆகிவிட்டார்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

இப்போது இந்த இடத்துக்கு வருகிறேன். சிவா என்றால் நமக்கு வ.உ.சி.யோடு சிறைக்குப் போனவர் என்றுதான் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். அவர் பத்திரிகைக்காரரும்கூட. 1908இல் வெள்ளைக்காரனை எதிர்த்துப் பேசியதற்காக ராஜ துரோக வழக்கு, 124ஏ பிரிவு. சிறையில் தொழுநோய் பிடித்தது. 1912இல் வெளியே வந்தவர் அடுத்த வருஷமே ஞானபானு என்று பத்திரிகை ஆரம்பித்தார். நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்றார்கள். நடந்தார், கட்டை வண்டியில் போனார். 1925 ஜூலை 23 அன்று இதே பாப்பாரப்பட்டியில்தான் கண்ணை மூடினார். நாற்பது வயதுதான். அவர்மீது போட்ட அந்த 124ஏ, வெள்ளைக்காரன் போன பிறகும் அப்படியே இருந்து, 2022 மே மாதம்தான் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் 152ஆவது பிரிவு என்று வேறு பெயரில் ஒன்று இருக்கிறது.

அதியமானுக்காகத் தொண்டைமான் அரண்மனைக்குத் தூது போன ஔவையார், அவன் ஆயுதங்களைக் காட்டியதும், உன் வேல் எல்லாம் நெய் பூசி அழகாக இருக்கிறது, எங்கள் அரசன் வேல் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்று ராஜா முகத்துக்கு நேராகச் சொன்னாரே, அந்த ஔவையை அனுப்பிய அதியமானின் தகடூரும் இந்த மண்தான். எங்களுக்கு இதெல்லாம் புதுசு இல்லை.

பிரஸ் மீட் முடிந்து வெளியே டீக்கடையில் அந்த நிருபர் அண்ணனோடு பேசினேன். பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார், சொல்லவில்லை. பயமாக இல்லையா அண்ணா என்று கேட்டேன். "பயம் இருக்குப்பா, பொண்ணு காலேஜ் படிக்குது" என்றார். அப்புறம் அந்த நோட்டைத் திறந்து காட்டினார். கேள்வி மேலே எழுதியிருந்தது, கீழே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் தலைவர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார். எதற்கு அண்ணா இது என்றேன். "அடுத்த தடவை வருவாருல்ல, அப்ப இதுல இருந்து ஆரம்பிக்கணும்."

மறுநாள் பேப்பரில் செய்தி வந்தது. இதோ, கத்தரித்து வைத்திருக்கிறேன், வெயிலில் தெரிகிறதா? கூட்டணிச் செய்தி முதல் பக்கத்தில் பெரிதாக வந்தது, இது உள்ளே, மாவட்டப் பக்கத்தின் மூலையில் ஆறே வரி. அவர் பெயர்கூட இல்லை. கடைசி வரியை மட்டும் படிக்கிறேன்.

"குடிநீர் எப்போது சீராக வரும் என்று நான்கு முறை கேட்டும் அவர் தேதி எதுவும் கூறவில்லை."