7 மில்லி விநாடி

அனைவருக்கும் வணக்கம்.

பீட் செய்ய, அதாவது ராப் பாட்டுக்கு அடித்தளமான தாள இசையை அமைக்க ஆசைப்படும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?" என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: யாருடைய அறையில் போய் உட்காரலாம்? அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து ஜேம்ஸ் யான்சியை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். ராப்பர்களுக்குப் பீட் செய்தவர்; ஜே டில்லா என்றால் ஹிப் ஹாப் கேட்பவர்களுக்குத் தெரியும். 1974இல் பிறந்தவர். நோயோடு போராடி 2006இல், 32 வயதிலேயே போய்விட்டார்.

அவர் வளர்ந்தது கோனன்ட் கார்டன்ஸ் என்ற கறுப்பினத்தவர் குடியிருப்பில். வீட்டிலேயே இசை இருந்தது. அப்பா பேஸ் வாசிப்பார், அம்மா பாடுவார். அந்த வட்டாரத்திலேயே ஆம்ப் ஃபிட்லர் இருந்தார். ஜார்ஜ் கிளின்டனின் பி-ஃபங்க் என்ற இசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். அவர் வீட்டுக் கீழ்த்தளம் முழுக்கக் கருவிகள். அக்கம்பக்கத்துப் பையன்களுக்கு அங்கே எப்போதும் இடம் உண்டு. பீட் அமைக்க உதவும், அகாய் நிறுவனத்தின் எம்பிசி 60 கருவியை டில்லா கற்றது அங்கேதான். ஃபிட்லர் அவருக்குத் தாளம் அமைத்துக் கொடுக்கவில்லை. எப்படி இயக்குவது என்று காட்டிவிட்டு, நீயே செய் என்று விட்டுவிட்டார். அதைவிடப் பெரிய உதவி ஒருவர் இன்னொருவருக்குச் செய்திருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, அந்தக் கருவிக்கு வருவோம். நான்குக்கு நான்காகப் பதினாறு ரப்பர் பொத்தான்கள். ஒவ்வொன்றிலும் டிரம்ஸின் ஓர் ஒலி: ஒன்றில் கிக், ஒன்றில் ஸ்நேர், ஒன்றில் ஹை-ஹாட். விரலால் தட்டினால் பதிவாகும். நாம் தடுமாறித் தட்டினாலும் கருவி அதைச் சரியான கட்டத்துக்கு இழுத்து நேராக்கிவிடும். இதற்குத்தான் குவாண்டைஸ் என்று பெயர். ஸ்விங் என்றொரு வசதியும் உண்டு. ஒன்று விட்டு ஒன்றாக வரும் சின்ன அடிகளைச் சற்றே தாமதப்படுத்தும்.

டில்லா குவாண்டைஸை அணைத்துவிட்டு மனம்போனபடி தட்டினார், அதனால்தான் அவர் பீட் அப்படித் தள்ளாடுகிறது என்று பலர் சொல்வார்கள். அது பாதிக் கதைதான். அந்த எம்பிசியில் ஒரு கால் நோட், அதாவது தாளத்தின் ஓர் அடி, 96 டிக்குகளாகப் பிரிகிறது. நிமிடத்துக்கு 90 அடி வேகத்தில் ஒரு டிக் என்பது ஏறத்தாழ 7 மில்லி விநாடி. கருவியில் ஒவ்வோர் ஒலியையும் தனியாக முன்னே பின்னே நகர்த்தலாம். ஹை-ஹாட்டை ஸ்விங்கில் ஓடவிட்டு, வேறோர் அடியை நேராக வைத்து, ஸ்நேரைச் சில டிக் முன்னே இழுத்துவிட்டால், ஒரே பீட்டுக்குள் இரண்டு விதமான நடை ஒன்றோடொன்று உரசும். தலை தானாக ஆடும், ஆனால் எங்கே தட்டுவது என்று கைக்குப் பிடிபடாது. எடுப்பை, அதாவது பாட்டு தாளத்தில் தொடங்கும் இடத்தை, தள்ளி வைப்பது கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் அங்கே தள்ளல் கணக்குக்குள் நிற்கும்; இங்கே இரண்டு கணக்குகளுக்கு நடுவே நிற்கிறது. இதைத் தற்செயல் என்று சொல்வது அந்த மனிதர் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து தேய்ந்த மணிநேரங்களை மதிக்காத பேச்சு.

தி ரூட்ஸ் என்ற ஹிப் ஹாப் குழுவின் டிரம்மர் குவெஸ்ட்லவ் இயந்திரம்போல் பிசகாமல் வாசிக்கப் பாடுபட்டவர். டில்லாவைக் கேட்ட பிறகு அவருடைய வாசிப்பே மாறிவிட்டது. இயந்திரத்தைப் பார்த்து மனிதன் பழகிய காலம் போய், இயந்திரத்தில் ஒரு மனிதன் செய்த நெளிவைப் பார்த்து டிரம்மர்கள் பழகினார்கள். இந்த இடம் எனக்கு எப்போது நினைத்தாலும் மெய்சிலிர்க்கும்.

இவ்வளவும் பெரிய கம்பெனிகளின் தயவில் நடக்கவில்லை. டெட்ராய்டில் மாரிஸ் மலோன் நடத்திய ஹிப் ஹாப் ஷாப் என்ற துணிக்கடையில் சனிக்கிழமைகளில் ராப் பாடக் கூடுவார்கள். டில்லா தன் பள்ளி நண்பர்களோடு சேர்ந்து ஸ்லம் வில்லேஜ் என்ற குழுவை அமைத்தார். அவர்களுடைய முதல் ஆல்பம் முறையாகக் கடைக்கு வருவதற்கு முன்பே கேசட்டிலிருந்து கேசட்டாகப் பிரதியாகிக் கைமாறியது. அவர் செய்த பீட்டுகளும் அப்படித்தான் ராப்பர்களிடம் போய்ச் சேர்ந்தன. அண்டர்கிரவுண்ட் என்றால் ஒளிந்து வாழ்வது என்று நினைக்காதீர்கள். யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் வேலையை ஊருக்குள் நடமாட விடுவது அது.

அப்புறம், கசப்பான பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1994இல் ஃபிட்லர் மூலமாக டில்லாவுக்கு, ஏ ட்ரைப் கால்ட் குவெஸ்ட் என்ற ஹிப் ஹாப் குழுவின் கியூ-டிப்பிடம் அறிமுகம் கிடைத்தது. பெரிய வாய்ப்புகள் வந்தன. ஆனால் தி உம்மா என்ற கூட்டுப் பெயரில் வந்த வேலைகளில் டில்லாவின் கை எது என்று வெளியே பலருக்குத் தெரியவில்லை. அவர் இறந்தபோது அரசுக்குக் கட்ட வேண்டிய வரிபாக்கி குடும்பத்துக்குப் பெரும் சுமையானது. அவருடைய எம்பிசி 3000 கருவி இன்று வாஷிங்டனில், ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுக்கான தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் பெருமை வந்து சேர்ந்தபோது அவர் இல்லை.

அதனால் உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன். பீட்டைக் கொடுக்கும் அன்றே யார் பெயர் போக வேண்டும், யாருக்கு எத்தனை பங்கு என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். நண்பனாக இருந்தாலும் போடுங்கள். ப்ராஜெக்ட் ஃபைலை இரண்டு இடத்தில் சேமியுங்கள். வரிக்கென்று ஒரு தொகையை முதலிலேயே ஒதுக்குங்கள்.

பேசியது போதும். லேப்டாப்பில் ஒரு பீட் தயாராக வைத்திருக்கிறேன். முதலில் எல்லாவற்றையும் நேராக்கிப் போடுகிறேன். பிறகு ஸ்நேரை மட்டும் மூன்று டிக் முன்னே நகர்த்துகிறேன். பின்வரிசையில் இருப்பவர்கள் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள், அங்கே பேஸ் சரியாகக் கேட்காது.