ஒரே டீச்சர், அஞ்சு பாடம்: விடைத்தாள்களைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க

[திரையில்: தரையில் விரித்துப்போட்ட ஐந்து விடைத்தாள்கள். கேமரா மேலிருந்து பார்க்கிறது.]

வணக்கம். தரையில கிடக்கிறது ஒரு பத்தாம் வகுப்புப் பொண்ணோட காலாண்டுத் தேர்வு பேப்பர். தமிழ், இங்கிலீஷ், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். கணக்குல 38. சமூக அறிவியல்ல 49. அறிவியல் 75-க்கு 29.

அவங்க அம்மா என்னைக் கூப்பிட்டப்போ கேட்டது ஒண்ணுதான். "டீச்சர், கணக்குக்குத் தனியா, சயின்ஸுக்குத் தனியா ரெண்டு டியூஷன் வெச்சிடலாமா? இல்ல, நீங்க ஒருத்தரே எல்லாத்தையும் பாத்துப்பீங்களா?"

எனக்கு ஆளும் வேண்டாம், அட்வான்ஸும் வேண்டாம், முதல்ல அஞ்சு பேப்பரையும் எடுத்து வைங்கன்னேன். பேப்பரெல்லாம் மூணு பாலிதீன் பையில, ஒண்ணு பீரோவுக்குள்ள, ஒண்ணு பரண்ல. எடுத்துக் கொடுக்கவே அரைமணி நேரமாச்சு.

திருச்சி உறையூர்ல வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கிற வேலை எனக்கு. ஒரு பிள்ளை, ஒரு மேஜை, ஒன்றரை மணி நேரம். ஒரே ஆள் எல்லாப் பாடமும் எடுக்கிறதுல உள்ள லாபம் பலருக்குப் பணக் கணக்காத்தான் தெரியுது. அது இல்ல விஷயம். என்னன்னு காட்டுறேன்.

[திரையில்: அறிவியல் விடைத்தாள், லென்சு கணக்கு. சிவப்பு மையில் ஒரு வட்டம்.]

குவிலென்சு. குவியத் தொலைவு 20 செ.மீ. பொருள் 30 செ.மீ. தூரத்துல இருக்கு. பிம்பம் எங்க விழும்? சூத்திரம் சரியா எழுதியிருக்கா. பொருளோட தூரத்துக்கு மைனஸ் போடணும், அதையும் போட்டிருக்கா. கடைசியில 1/20 − 1/30-ன்னு வந்து நிக்குது. அதுவரைக்கும் ஒரு தப்பும் இல்ல.

அடுத்த வரி: 1/−10. விடை மைனஸ் 10 செ.மீ.

சரியான விடை 60. ஆனா இவ விடையில மைனஸ் இருக்கிறதால, திருத்தினவங்க "குறியீட்டு மரபு பார்" அப்படின்னு எழுதியிருக்காங்க, அதாவது எந்தத் தூரத்துக்கு ப்ளஸ், எதுக்கு மைனஸ்ங்கிற விதி. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். கட்டுக்கட்டா பேப்பர் திருத்தும்போது மைனஸ் வந்தா யாருக்கும் முதல்ல அதுதான் தோணும். இந்தப் பொண்ணும் ரெண்டு வாரம் உக்காந்து குறியீட்டு மரபைப் படிச்சிருக்கா. அது அவளுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச விஷயம்! வராதது பின்னம். கீழே இருக்கிற 20-லேர்ந்து 30-ஐ நேரா கழிச்சிட்டா.

[திரையில்: அதே விடைத்தாள், அடுத்த பக்கம். இரண்டு மின்தடைகள்.]

இப்ப ரெண்டு பக்கம் தள்ளுங்க. 2 ஓம், 4 ஓம், பக்க இணைப்பு, அதாவது கரண்டு ரெண்டு வழியாப் பிரிஞ்சு போகும். 1/2 + 1/4. இவ எழுதினது 1/6. அதைத் தலைகீழாப் போட்டா மொத்த மின்தடை 6 ஓம். இதே ரெண்டையும் தொடர் இணைப்புல, ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா வெச்சாலும் 2 + 4, ஆறுதான். ரெண்டுக்கும் ஒரே விடை. அவ என்கிட்ட கேட்ட கேள்வி எனக்கு இன்னும் மறக்கல. "மிஸ், ரெண்டும் ஒண்ணாத்தானே வருது, அப்புறம் எதுக்கு ரெண்டு ஃபார்முலா?"

நியாயமான கேள்வி! அவ கணக்குப்படி பாத்தா, பாடப் புத்தகம்தான் வெட்டியா ரெண்டு ஃபார்முலா வெச்சிருக்கு. உண்மையில 1/2 + 1/4-ன்னா 3/4. மின்தடை 4/3 ஓம். கரண்டுக்குப் போக ரெண்டாவது வழி ஒண்ணு திறந்தா தடை குறையத்தான் செய்யும். அதனால பக்க இணைப்புல விடை எப்பவும் இருக்கிறதுலயே சின்ன மின்தடையைவிடக் கம்மியா வரும். 2 ஓமைத் தாண்டவே முடியாது.

[திரையில்: கணக்கு விடைத்தாளை அறிவியல் தாளுக்குப் பக்கத்தில் நகர்த்தும் கை.]

இப்பதான் விஷயமே. கணக்குப் பேப்பரை இழுத்துப் பக்கத்துல வைங்க. இயற்கணிதம். 1/x கூட்டல் 1/(x+1). இவ எழுதினது 1/(2x+1).

அதே ஓட்டை. லென்சுலயும் அதுதான், மின்சாரத்துலயும் அதுதான், இயற்கணிதத்துலயும் அதுதான். ஆறாம் வகுப்புல பின்னம் நடத்தினப்போ என்னவோ ஒரு வாரம் விட்டுப்போயிருக்கு. பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர் கணக்குப் பேப்பரைப் பாப்பாங்க, சயின்ஸ் டீச்சர் சயின்ஸ் பேப்பரைப் பாப்பாங்க. ரெண்டையும் ஒரே பாயில விரிச்சுப் பாக்கிற வாய்ப்பு அங்க யாருக்கும் இல்ல. ரெண்டு டியூஷன் வெச்சிருந்தாலும் இதே கதைதான். ஒருத்தர் குறியீட்டு மரபை இன்னொரு தடவை நடத்தியிருப்பார், இன்னொருத்தர் இயற்கணிதத்தை மொத்தமா முதல்லேர்ந்து ஆரம்பிச்சிருப்பார்.

சரி, பின்னத்தை எப்படிச் சரி பண்ணினேன்? எல்.சி.எம் பக்கம் நான் போகவே இல்ல. அன்னைக்கு அவங்க வீட்டுல தோசை. "அரை தோசை தட்டுல இருக்கு. அம்மா இன்னொரு கால் தோசை வைக்கிறாங்க. இப்ப தட்டுல ஆறுல ஒரு பங்குதான் இருக்கா?" சிரிச்சா. சிரிச்சதும் பாதி வேலை முடிஞ்சுது, ஏன்னா கூட்டினா குறையாதுன்னு அவளுக்கே தெரியும். தெரிஞ்சதைப் பேப்பர்ல பயன்படுத்தலாம்னுதான் தெரியல. அதுக்கப்புறம் நோட்டுத்தாளைக் கீத்துக்கீத்தா வெட்டி, அரை, கால், மூணுல ஒண்ணு, ஆறுல ஒண்ணு. நாலு நாள். அந்த நாலு நாளும் சயின்ஸும் இல்ல, பத்தாம் வகுப்புக் கணக்கும் இல்ல. அம்மாவுக்கு லேசா வருத்தம்தான். "பத்தாங்கிளாஸ் பொண்ணுக்குக் காகிதம் வெட்டிக்கிட்டு இருக்கீங்களே டீச்சர்."

[திரையில்: திண்ணையில் மணலில் எழுதும் பிள்ளைகள், கோட்டோவியம்.]

அஞ்சாவது நாள் நான் சொல்லிக்கொடுக்கல. அவ தம்பி ஆறாம் வகுப்பு. அவனுக்கு இவளைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னேன். இது நான் கண்டுபிடிச்சதில்ல, நம்ம ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்துல சட்டாம்பிள்ளை, அதாவது மத்த பிள்ளைங்களைப் பாத்துக்கிற பெரிய பிள்ளை, செஞ்ச வேலை. 18-ம் நூற்றாண்டோட கடைசியில, சென்னை எழும்பூர்ல ஒரு அநாதைப் பிள்ளைகள் விடுதியை நடத்தின ஆண்ட்ரூ பெல் அப்படிங்கிற பாதிரியார், இங்க பிள்ளைங்க மணல்ல எழுதிப் படிக்கிறதைப் பாத்து அதைத் தன் விடுதியில கொண்டுவந்தார். பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற முறையையும் அங்க நடத்திப் பாத்தார். 1797-ல லண்டன்ல அதைப் புத்தகமாவும் போட்டார். "மெட்ராஸ் சிஸ்டம்"னு பேர் வந்தது அப்படித்தான். தம்பிகிட்ட விளக்கும்போது இவ எங்க திணறுறான்னு எனக்கு நல்லாவே தெரிஞ்சுது.

அடுத்த ஓட்டை.

[திரையில்: தமிழ், அறிவியல், சமூக அறிவியல் தாள்கள் வரிசையாக.]

சமூக அறிவியல்ல "காரணம் கூறுக"ன்னு கேட்டிருக்கு. இவ எழுதினது வரையறை. உயிரியல்ல "வேறுபடுத்துக". ஒண்ணைப் பத்தி ஆறு வரி, இன்னொண்ணைப் பத்தி ஒரு வரியும் இல்ல. தமிழ்ல நெடுவினாவுக்கு அருமையா ரெண்டு பக்கம், ஆனா கேட்ட கேள்விக்கு இல்ல, கைடுல இருந்த கேள்விக்கு. மூணு பேப்பர்லயும் பதில் தெரியாம மார்க் போகல. கேள்வியைப் படிக்கல, அதான் போச்சு.

இதுக்கு நான் செய்றது ரொம்பச் சின்ன வேலை. பழைய கேள்வித்தாள்ல பத்து கேள்வி. பதில் எழுதக் கூடாது. "என்ன கேட்டிருக்கான், எத்தனை விஷயம் கேட்டிருக்கான்" அப்படின்னு வாயால சொல்லணும், அவ்வளவுதான். பொதுத்தேர்வுல கேள்வித்தாளைப் படிக்கன்னே 10 நிமிஷம் கொடுக்கிறாங்க. பாதிப் பிள்ளைங்க அந்த நேரத்துல தனக்குத் தெரிஞ்ச கேள்வியைத் தேடிக்கிட்டு இருப்பாங்க.

[திரையில்: மேஜையில் ஒரு பென்சில். இரண்டு கைகள்.]

தனி டியூஷன்ல எல்லா டீச்சரும் செய்ற ஒரு தப்பு இருக்கு, நானும் வருஷக்கணக்கா செஞ்சேன். பென்சில் யார் கையில இருக்கு? பிள்ளை கொஞ்சம் தயங்கினா உடனே நாம வாங்கி எழுதிடுவோம். அவ "ம், ம்"னு தலையாட்டுவா. நோட்டுல கணக்கு அழகா முடிஞ்சிருக்கும், என் கையெழுத்துல. இப்பல்லாம் நான் கையில எதுவும் வெச்சுக்கிறதில்ல. ஒரு கேள்வி கேட்டுட்டு மனசுக்குள்ள இருபது எண்ணுவேன். ஒரு தடவை அடுப்படியிலேர்ந்து அம்மா எட்டிப் பாத்தாங்க. "என்ன டீச்சர், சத்தமே காணோம்?" பணம் கொடுக்கிற வீட்டுல சும்மா உக்காந்திருக்கிறது கஷ்டம்தான்.

தனியாச் சொல்லிக்கொடுத்தா எவ்வளவு பலன்? இதுல அடிக்கடி காட்டுற ஆராய்ச்சி, சிகாகோ பல்கலைக்கழகத்துல இருந்த பெஞ்சமின் புளூம் 1984-ல எழுதின கட்டுரை. தனியாச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள்ல சராசரிப் பிள்ளை, வகுப்புல படிச்ச 98 சதவீதம் பேரைத் தாண்டிடுச்சுன்னு அதுல வருது. டியூஷன் விளம்பரங்களுக்கு ரொம்பப் பிடிச்ச எண். பின்னாடி வந்த ஆராய்ச்சிகள்ல அவ்வளவு பெரிய வித்தியாசம் கிடைக்கல. கர்ட் வான்லேன் 2011-ல பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பாத்தப்போ, பலன் நிச்சயமா இருக்கு, ஆனா புளூம் சொன்னதுல பாதிகூட வரல. இன்னொண்ணும் உண்டு. புளூம் சொன்ன பிள்ளைங்களுக்குத் தனி ஆள் மட்டும் கிடைக்கல. அப்பப்ப சின்னத் தேர்வு, தப்பைத் திருத்தி மறுபடியும் செய்ய நேரம், அதுவும் கிடைச்சுது. நம்ம வீட்டு டியூஷன்ல அது இருக்கான்னு பாருங்க.

ஒரே ஆள் போதும்னு நான் சொல்றது பத்தாம் வகுப்பு வரைக்கும்தான். ப்ளஸ் ஒன் இயற்பியல், கணக்கெல்லாம் அந்தந்தப் பாடம் படிச்சவங்ககிட்ட போகட்டும். அப்புறம், பிள்ளையோட பள்ளிக்கூட டீச்சரையே வீட்டுக்கு வரச் சொல்லி வற்புறுத்தாதீங்க. 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட 28-வது பிரிவு, பள்ளி ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுக்கக் கூடாதுன்னு தடுக்குது.

[திரையில்: புதிய நோட்டு. பக்க இணைப்புக் கணக்கு. அடித்துவிட்ட ஒரு விடை.]

அரையாண்டுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம். 3 ஓம், 6 ஓம், பக்க இணைப்பு. அவசரத்துல 9-ன்னு எழுதினா. நான் வாயைத் திறக்கல. பதினொண்ணு எண்ணியிருப்பேன்.

"மிஸ், இது மூணைவிடக் கம்மியா வரணும்ல?"

அவளே அடிச்சிட்டு 2-ன்னு எழுதினா. ஜனவரியிலேர்ந்து வாரத்துக்கு நாலு நாள் ரெண்டு நாளாச்சு, என் ஃபீஸும் பாதியாச்சு. தம்பிக்கு வர முடியுமான்னு அம்மா கேட்டாங்க. அவனுக்கு அக்கா இருக்காளேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.